மீன் இல்லாத தொட்டிக்குச் சாப்பாடு

கண்ணாடி ஒட்டுவதையும் மோட்டார் மாட்டுவதையும் உங்களுக்குச் சொல்லித் தரக் கடையில் ஆட்கள் இருக்கிறார்கள். அதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. முட்டி தேய்ந்துபோய், இனிமேல் ஸ்கூட்டரைத் தொடக் கூடாது என்று டாக்டரும் என் பையனும் சொல்கிற வரைக்கும், தாம்பரத்தைச் சுற்றி வீடு வீடாகப் போய் மீன் தொட்டி வைத்துக் கொடுத்தவள் நான். இப்போது வேலைக்குச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு என்னால் ஒன்றுதான் சொல்ல முடியும். இந்தத் தொழிலில் நீங்கள் படப்போகிற பெரிய பாடு மீனால் வராது. மீன் இல்லாத நாட்களில்தான் வரும்.

ஒருவர் ஆசை ஆசையாகத் தொட்டி வாங்குகிறார். மணல் போட்டு, செடி நட்டு, விளக்கு மாட்டி, தண்ணீரும் நிரப்பிவிட்டு, ‘மீன் இப்போதைக்குக் கிடையாது, ஒரு மாதமாவது ஆகும்’ என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். பந்தியில் உட்கார வைத்து இலையும் போட்டுவிட்டு, சமையல்காரர் இப்போதுதான் ரயில் ஏறியிருக்கிறார் என்று சொன்னால் ஒரு மனிதர் எப்படிப் பார்ப்பாரோ, அப்படிப் பார்ப்பார்.

காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அது மீனுக்கு விஷம். அதைத் தின்ன ஒரு வகை பாக்டீரியா வந்து சேர வேண்டும். அது அமோனியாவைத் தின்று நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம். அதைத் தின்ன இன்னொரு வகை வர வேண்டும். இரண்டு வகையும் ஃபில்டர் பஞ்சில் குடியேறிய பிறகுதான் மீனை விடலாம். இதற்குத் தொட்டியை சைக்கிள் பண்ணுவது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். வாடிக்கையாளரிடம் அந்த வார்த்தையைச் சொல்லாதீர்கள். சேலையூரில் ஓர் அம்மாள், ‘எங்க வீட்ல சைக்கிள் ஓட்ட யாருக்கும்மா நேரம் இருக்கு?’ என்று சொல்லி ஆர்டரையே வேண்டாம் என்றுவிட்டார்.

அந்த பாக்டீரியா வர வேண்டுமானால் அதற்குத் தீனி வேண்டும். அதனால் மீனே இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுக விட வேண்டும். செம்பாக்கத்தில் சாமுவேல் சாருக்கு வந்த வினை இந்த ஒரு சிட்டிகையால்தான்.

சாமுவேல் சார் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். ஏரிக்குப் பக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தார். மனைவி தவறிவிட்டார். ஒரே மகள் பியூலா கேளம்பாக்கத்தில் கணவனோடு இருந்தாள், ஐ.டி. வேலை. சார் நல்ல மனிதர். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்வார். அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் வராது. விடை சரியாக இருந்தால் போதும், வழிமுறை எதற்கு என்று நினைக்கிற கணக்கு வாத்தியாரை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன்.

நான் தொட்டியை வைத்துக் கொடுத்து, என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். மற்றவர்கள் எல்லாம் மறுநாளே போன் போட்டு, ‘ஒரே ஒரு மீன் விட்டுப் பாக்கலாமா?’ என்று கெஞ்சுவார்கள். சார் கெஞ்சவில்லை. காலையில் குளித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, தொட்டி முன்னால் நின்று ஒரு சிட்டிகை போடுவார். இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தாரே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

எதிர் வீட்டில் கோமதி என்றொரு பெண். நல்ல மனசு, நல்ல காது. ஒரு நாள் காலையில் கறிவேப்பிலை கொடுக்க வந்தவள் சார் தீனி போடுவதைப் பார்த்துவிட்டாள்.

“மீன் வாங்கிட்டீங்களா சார்?”

“இல்ல.”

“அப்ப சாப்பாடு யாருக்கு?”

“உள்ள இருக்கறவங்களுக்கு.”

கோமதி குனிந்து தொட்டியை ஒரு பக்கம் பார்த்தாள். மறுபக்கம் போயும் பார்த்தாள்.

“உள்ள யாரும் இல்லையே சார்.”

“கண்ணுக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு சார் கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டார்.

சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் கேட்டவள் நிலைமையில் இருந்து யோசித்துப் பாருங்கள். அவள் மாலைக்குள் பியூலாவுக்கு போன் போட்டுவிட்டாள். பியூலா ஆபீஸிலிருந்து காரில் திரும்பும்போது அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அந்தப் பேச்சைப் பிறகு அவளே என்னிடம் சொன்னாள்.

“அப்பா, சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன். ஒரு வாரம் இங்க வந்து இருங்க.”

“வர முடியாது. இவங்கள யாரு பாத்துப்பா?”

“யாரப்பா?”

“ரெண்டு குரூப் வரணும். மொத குரூப் வந்துட்டாங்க. ரெண்டாவது குரூப் இன்னும் சரியா வரல. இப்பப் போய் வீட்டப் பூட்டிட்டு வந்தா எல்லாரும் பட்டினி கெடந்து செத்துருவாங்க.”

பியூலா காரை ஓரம் கட்டிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை. பீர்க்கன்கரணையில் ஹபீப் பாய் வீட்டுக்குக் கப்பி மீன் கொண்டுபோக நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். சாரிடமிருந்து போன்.

“ரஹமத், கொஞ்சம் வந்துட்டுப் போறியாம்மா? பியூலா பாஸ்டரக் கூட்டிட்டு வந்திருக்கா. பெட்டியெல்லாம் அடுக்கறா.”

“யார் பெட்டி சார்?”

“என்னோடதுதான்.”

மீன் பையை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டிக்கொண்டு அப்படியே போனேன். கேட்டில் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார்.

“இன்னாக்கா பண்ணி வெச்ச சார? டெய்லி தொட்டிக்கு சோறு போட்டுகினு கீறாரு. உள்ள ஒண்ணுமே இல்ல. நாலாவது மாடி பாப்பா அவரு இருந்தா லிப்ட்ல ஏற மாட்டேங்குது. ஒரே பேஜாரா கீதுக்கா.”

மேலே கூடத்தில் பாஸ்டர் சோபா நுனியில் உட்கார்ந்திருந்தார். சின்ன வயசுக்காரர். என்ன ஜெபம் பண்ணுவது என்று தெரியாமல் தொட்டியையும் சாரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசல் பக்கம் கோமதி, போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

பியூலா என் கையைப் பிடித்து சமையலறைக்கு இழுத்துப் போனாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“ஆன்ட்டி, நீங்க எல்லாம் வெளக்கி சொன்னாலும் இந்த பில்டிங்ல யாருக்கும் புரியாது. எனக்கே புரியல. கையில மீன் வெச்சிருக்கீங்கல்ல? அத விட்டுருங்க. மீன் இருந்தா, எங்கப்பா மீனுக்கு சாப்பாடு போடற மனுஷன். மீன் இல்லன்னா அவர் யாருன்னு நீங்களே சொல்லுங்க. ப்ளீஸ் ஆன்ட்டி. இல்லன்னா நான் இன்னிக்கே அவரக் கூட்டிட்டுப் போயாகணும். வீட்ட வாடகைக்கு விட்டுருவேன்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இது ஒரு நாள் வரும். வீட்டு விசேஷமாக இருக்கும், குழந்தையின் பிறந்தநாளாக இருக்கும், பெண் பார்க்க வருகிறார்கள் என்பார்கள். கையில் மீன் இருக்கும். எதிரில் ஒருவர் அழுவார். பையை அவிழ்த்து ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். என் கை பையின் ரப்பர் பேண்டு வரைக்கும் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கூடத்துக்கு வந்து, முதலில் தண்ணீரைச் சோதித்தேன். சின்னச் சோதனைக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டு ஆட்டினால் நைட்ரைட் இல்லாத தண்ணீர் வெளிர் நீலமாக நிற்கும். இது கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து நின்றது. சார் எழுந்து எனக்கும் தொட்டிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

“பர்ப்பிள்” என்றார்.

“தெரியும் சார்.”

“கைல பை இருக்கு.”

“இது வேற வீட்டுக்கு சார்.”

அப்படிச் சொல்லி முடித்த பிறகுதான் நான் முடிவு எடுத்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. பியூலாவைப் பார்த்துச் சொன்னேன்: “இன்னைக்கு விட்டா உங்கப்பாவுக்குப் புத்தி நல்லா இருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்கம்மா. நாலு நாள்ல அத்தனையும் செத்து மெதக்கும். இத்தன நாளு பொறுமையா இருந்தவரு அதப் பாத்துகிட்டு நிக்கணும். என்னால விட முடியாது.”

பியூலா வாயைத் திறப்பதற்குள் பாஸ்டர் தொண்டையைச் செருமினார்.

“சிஸ்டர், புதுத் தொட்டியில விட்டா செத்துருமா?”

“ஆமா பாஸ்டர்.”

“வாங்கின அன்னிக்கே விட்டா?”

“அதுதான் இன்னும் மோசம்.”

அவர் மடியில் இருந்த பைபிளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். “எங்க வீட்ல மூணு தடவ வாங்கினோம். மூணு தடவையும் ஒரு வாரம் தாண்டல. என் பொண்ணு ராத்திரியெல்லாம் அழுதா. ஆண்டவருடைய சித்தம்னு சொல்லித் தேத்தினேன்.”

“ஆண்டவர் சித்தம் இல்ல பாஸ்டர்” என்றார் சாமுவேல் சார். “நைட்ரைட்.”

அதற்குப் பிறகு அது துக்க வீடு போல இல்லை. பாஸ்டர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அது என்ன சொட்டு மருந்து, நிற அட்டையை எப்படிப் பார்ப்பது, அந்த பாக்டீரியா எங்கே இருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சார் நான் பார்த்தே இராத உற்சாகத்தோடு ஃபில்டரைக் கழற்றி, பழுப்பும் வழவழப்புமாக இருந்த பஞ்சை, தொட்டித் தண்ணீர் ஊற்றிய ஒரு பாத்திரத்தில் போட்டு சாப்பாட்டு மேசையில் வைத்தார். “எல்லாரும் இங்கதான் இருக்காங்க” என்று சொல்லிக் காட்டினார். பாஸ்டர் தலையாட்டினார். அப்புறம் நாங்கள் மூன்று பேரும் தொட்டிக்கு முன் குனிந்து, நிற அட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, இது கருநீலமா ஊதாவா என்று வாதம் பண்ணத் தொடங்கினோம்.

பியூலாவின் நிலைமையைப் பாருங்கள். அப்பாவைச் சரிபண்ணக் கூட்டி வந்த ஆளும் அப்பாவோடு சேர்ந்துவிட்டார். கோபம் வந்தால் நம் வீட்டுப் பெண்கள் என்ன செய்வோம்? பாத்திரம் தேய்ப்போம். அவள் மேசையில் இருந்த காப்பி டம்ளர்களைத் தூக்கினாள். கூடவே அந்தப் பாத்திரத்தையும் தூக்கினாள். உள்ளே குழாய்ச் சத்தம் கேட்டது. எனக்கு ஏதோ பொறி தட்டியது. நான் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பதற்குள் அவள் திரும்பி வந்துவிட்டாள்.

பஞ்சு கடையில் வாங்கிய அன்றுபோல் வெள்ளை வெளேர் என்று இருந்தது. எலுமிச்சை சோப்பு வாசனை வேறு.

“இத எத்தன நாளாச்சுப்பா கழுவி? ஒரே அழுக்கு. அதனாலதான் மீன் விட முடியல போல” என்றாள்.

சார் பஞ்சை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“போயிட்டாங்க” என்றார்.

“யாருப்பா?”

“எல்லாரும்.”

துக்கச் செய்தி கேட்ட பழக்க தோஷத்தில் பாஸ்டர் ஜெபத்துக்கு எழுந்து நின்றுவிட்டார்.

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை இப்போதும் மறக்கவில்லை. ஆனால் சார் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. மனிதர் கோபப்படவே இல்லை. எழுந்து போய், தீனி டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தொட்டியில் போட்டார். மறுபடியும் முதலிலிருந்து.

பியூலா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். “ஒரு பஞ்சுக்கா இவ்வளவுப்பா?” என்று கேட்டாள். குரலில் சண்டை இல்லை.

சார் அன்றைக்கு முதல் முறையாக ஒரு கேள்விக்கு ஒரு வரிக்கு மேல் பதில் சொன்னார்.

“காலைல முழிப்பு வந்தா, அதுங்களுக்குப் போடணுமேன்னு எந்திரிக்கறேன். கலர் மாறிச்சான்னு பாக்கணும்னு தோணுது. நீ என்ன நல்லாத்தான் வெச்சுக்குவ, தெரியும். ஆனா கேளம்பாக்கத்துல நான் எதுக்கும்மா எந்திரிக்கணும்?”

பியூலா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

“ஆன்ட்டி, செத்துப்போன பாக்டீரியாவுக்கு என்ன பண்றது?”

செத்ததற்கு ஒன்றும் பண்ண முடியாது. ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பழைய தொட்டியின் அழுக்குப் பஞ்சில் பாதியை வெட்டிக்கொண்டு வந்து புதுத் தொட்டியில் போட்டால், பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. நான் போக இருந்த ஹபீப் பாய் வீட்டில் அப்படி ஒரு தொட்டி இருந்தது. பல வருஷமாக ஓடுகிற தொட்டி. பஞ்சு காயாமல் சீக்கிரம் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். பியூலா கார் சாவியை எடுத்தாள். பாஸ்டர் தானும் வருவதாகச் சொன்னார். மாலை ஆராதனைக்கு இன்னும் நேரம் இருந்ததாம்.

ஞாயிற்றுக்கிழமை ஜி.எஸ்.டி. ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பின் சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட பாஸ்டர், மடியில் காலி வாளி, கையில் கப்பி மீன் பை. பெருங்களத்தூரில் பியூலா பிரேக் போடும்போதெல்லாம் பையைக் குழந்தையைப் போல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

ஹபீப் பாய் மர ஃபர்னிச்சர் வியாபாரம் பண்ணுகிறவர். வாங்க வாங்க என்று உட்கார வைத்து, ஆளுக்கொரு ரோஸ் மில்க் கொடுத்தார். கப்பியைக் கொடுத்துவிட்டு, அவருடைய ஃபில்டர் பஞ்சில் பாதி வேண்டும் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். பாஸ்டரைப் பார்த்தார். அழுக்குப் பஞ்சு வாங்கவா இத்தனை பேர் காரில் வந்தார்கள் என்று அவர் மனசுக்குள் ஓடியது முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மரியாதைக்காரர்.

“தாராளமா எடுத்துக்குங்க. ஆனா ரொம்ப அசிங்கமா இருக்கேம்மா. விருந்தாளிக்கு அப்படியே குடுக்கறதா? வீட்டம்மாவக் கூப்பிட்டு சோப்பு போட்டு அலசித் தரச் சொல்றேன்.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றோம். பியூலாவின் குரல்தான் பெரிதாக இருந்தது.

வரும் வழியில் பாஸ்டர் வாளியை மடியில் வைத்துக்கொண்டு, கலங்கிய தண்ணீர் சட்டையில் தெறிப்பதைப் பற்றிக் கவலைப்படாமல் இருந்தார். மாலை ஆராதனையில் சட்டை முன்பக்கம் பச்சையும் பழுப்புமாக நின்று பிரசங்கம் செய்தார் என்று கேள்விப்பட்டேன். பொறுமையைப் பற்றிப் பேசினாராம். எந்தப் பொறுமை என்று சபையில் யாருக்கும் புரியவில்லையாம்.

சோப்புப் பஞ்சைத் தூர எறிந்து, தண்ணீரை மாற்றி, ஹபீப் பாய் வீட்டுப் பஞ்சை ஃபில்டருக்குள் வைத்தோம். கேளம்பாக்கம் போக அடுக்கியிருந்த பெட்டி கூடத்திலேயே இருந்தது. பியூலா அதைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திருப்பி வைத்தாள்.

அதற்குப் பிறகு எனக்கு வந்த தொல்லை பெரும்பாலும் பியூலாவிடமிருந்துதான். தினமும் சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டுக் கலர் என்ன என்று கேட்பாள். சார் ஒரு வார்த்தையில் பதில் சொல்வார். அது போதாமல் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவாள். “ஆன்ட்டி, இது லைட் பர்ப்பிளா, டார்க் ப்ளூவா?” நான் திருமண வீட்டில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பதில் போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கணவனையும் கூட்டிக்கொண்டு செம்பாக்கம் வந்துவிடுவாள். முன்பெல்லாம் பண்டிகைக்குப் பண்டிகைதான் வருவாளாம்.

நான் இதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இதுதான். தொட்டி வைத்த அன்றைக்கு வாடிக்கையாளரிடம் மட்டும் விளக்கிவிட்டு வராதீர்கள். வீட்டில் இருக்கிற எல்லோரிடமும் சொல்லுங்கள். பாத்திரம் தேய்க்க வருகிறவரிடம் முதலில் சொல்லுங்கள். முடிந்தால் எதிர் வீட்டிலும் சொல்லிவிட்டு வாருங்கள். காத்திருக்கிற மாதத்தில் தண்ணீர் தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். மனிதர்களைத்தான் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

ஒரு நாள் சார் கூப்பிட்டு, “ப்ளூ” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் போய்ச் சோதித்தேன். வெளிர் நீலம், சந்தேகமே இல்லை. அமோனியாவும் இல்லை.

மீன் விடுகிற அன்று அந்தக் கூடத்தில் நிற்க இடம் இல்லை. பியூலா, அவள் கணவன், பாஸ்டர், அவருடைய மகள், நாலாவது மாடி பாப்பா, டியூட்டி நேரத்தில் மேலே வந்துவிட்ட செக்யூரிட்டி, எல்லோருக்கும் முன்னால் கோமதி. சின்னச் சின்ன நியான் டெட்ரா மீன்கள். பையைத் தண்ணீரில் மிதக்க விட்டு, கொஞ்ச நேரம் கழித்து வலையால் எடுத்து விட்டேன். நீலமும் சிவப்புமாக ஒரு கோடு போலச் செடிக்குள் போய்த் திரும்பி வந்தன. யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

பிறகு அவர் தீனி டப்பாவை எடுத்தார். நான் கையை நீட்டித் தடுத்தேன்.

“இன்னைக்குப் போடாதீங்க சார். புது எடம், பயத்துல இருக்கும். நாளைக்குப் போட்டாப் போதும்.”

சார் டப்பாவை மூடி வைத்துவிட்டார். அவருக்கு அந்த விடை போதுமானதாக இருந்தது. ஆனால் கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டியைப் பார்த்தாள், டப்பாவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

“ஏங்க்கா, மீன் இல்லாதப்ப டெய்லி சாப்பாடு போடச் சொன்னது நீங்கதானே?”

“ஆமா.”

“இப்ப மீன் வந்தப்புறம் போட வேணாங்கறீங்க.”

“இன்னைக்கு மட்டும் வேணாம்.”

கோமதி தலையை ஆட்டினாள். நான் வலையையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கிளம்பும்போது லிப்ட் வரைக்கும் கூடவே வந்தாள். என் தோளில் மெதுவாகக் கை வைத்து, ரொம்பப் பரிவாகக் கேட்டாள்.

“அக்கா, உங்க பையன் நம்பர் கொஞ்சம் குடுங்களேன்.”